மறு: கணினிக்கும் டேக்குக்கும் நடுவில் மாட்டும் பெட்டிக்கு என்ன பெயர்?

வணக்கம் அனைவருக்கும்.

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன், எழுத நேரம் வாய்க்கவில்லை. அதற்குள் அந்தப் பெட்டிக்குத் தமிழில் ‘குறிகைத் தூய்மி’ (குறிகை என்றால் சிக்னல்) என்று ஏறக்குறைய முடிவே ஆகிவிட்டது போலத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். ‘தூய்மை’ என்ற அந்தச் சொல்லை நம்பி என் கையை விட்டு 180 வெள்ளி (ரிங்கிட்) போயிருக்கிறது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி. கணினியிலிருந்து யூஎஸ்பி கம்பி வழியாக எண்ணாக வரும் பாட்டை மின்னலையாக மாற்றித் தருவது டேக் (DAC). அந்தக் கம்பியின் நடுவில் மாட்டச் சொல்லி விற்கிறார்களே, தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, ஒரு பக்கம் ஆண் முனை, மறு பக்கம் பெண் முனை, அதற்குத்தான் பெயர் தேடுகிறோம்.

என் வீடு கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடியில். மடிக்கணினி, டேக், ஆம்பிளிஃபையர், இரண்டு ஸ்பீக்கர், அவ்வளவுதான். இரவு பதினொன்றுக்கு மேல் தெரு அடங்கியதும் இடது ஸ்பீக்கரிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்கும். அதற்கு மேல் மெல்லிய ‘ஙீ’. சுட்டியை நகர்த்தினால் ‘கிர்க், கிர்க்’ என்று அதுவும் சேர்ந்துகொள்ளும். கடையில் சொன்னேன். “கம்பியில் அழுக்கு சார், இதை மாட்டுங்க, சுத்தமாயிடும்” என்று ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள். மாட்டினேன். பெட்டியில் நீல விளக்கு எரிந்தது. முனகல் அப்படியே இருந்தது.

தீபாவளிக்குப் பினாங்கிலிருந்து மச்சான் வந்திருந்தார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பல வருடம் சோதனைப் பிரிவில் இருந்தவர். ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு எழுந்து போய் மடிக்கணினியின் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். முனகல் நின்றது. மறுபடி செருகினார், வந்தது. “இது அழுக்கு இல்ல மச்சான், சுத்து” என்றார்.

சார்ஜருக்கும் மூன்று முள், ஆம்பிளிஃபையருக்கும் மூன்று முள். இரண்டும் வீட்டு எர்த்தில் சேர்கின்றன. இந்தப் பக்கம் யூஎஸ்பி கம்பியின் தரைக்கம்பியும், டேக்கிலிருந்து போகும் ஒலிக்கம்பியின் உறையும் அதே இரண்டு கருவிகளையும் இன்னொரு வழியில் இணைத்துவிடுகின்றன. ஆக ஒரு முழு வட்டம். அதில் சிறிதளவு மின்னோட்டம் சுற்றினாலும் போதும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், முனகல் அதிலிருந்தும் அதன் மடங்குகளிலிருந்தும் வருகிறது. சுட்டி நகரும்போது கணினி இழுக்கும் மின்சாரம் ஏறி இறங்குவதும் அதே வழியில் ஒலிக்கம்பிக்குள் புகுந்துவிடுகிறது. அந்த ‘ஙீ’ பெரும்பாலும் யூஎஸ்பியின் சொந்தத் தாளம். அதிவேக யூஎஸ்பியில் 125 மைக்ரோ நொடிக்கு ஒரு கட்டுத் தரவு, அதாவது நொடிக்கு 8000 தடவை. 8 கிலோஹெர்ட்ஸ் காதுக்கு நன்றாகவே கேட்கும்.

இந்த வட்டத்துக்கு ‘நிலவளையம்’ என்று பட்டர்வொர்த் ஐயா எழுதியிருந்தார். ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம், என் மகள் அதைப் படித்துவிட்டு “நிலாவைச் சுத்தி வருமே, அதுவாப்பா?” என்று கேட்டாள். ‘தரைச்சுற்று’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். சுற்று என்பது மின்னியலில் ஏற்கெனவே புழங்குகிற சொல், மச்சான் வாயிலும் தானாக அதுதான் வந்தது. தரைச்சக்கரம் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள், அது பட்டாசு.

சரி, தூய்மிக்கு வருவோம். ஐயாவின் வாதம் இது:

> வடிகட்டி, பெருக்கி, தேக்கி என்று செயலை வைத்துத்தானே கருவிக்குப் பெயர் சூட்டுகிறோம்? தூய்மையாக்குவதால் தூய்மி.

வடிகட்டி வடிகட்டுகிறது, தேக்கி தேக்குகிறது. அவை கருவி உண்மையில் செய்கிற வேலைகள். மலாய்க்காரர்களும் தேத்தண்ணி வடிகட்டுவதைப் ‘பெனாப்பிஸ்’ என்கிறார்கள், மின்னலையை வடிகட்டுவதையும் அப்படியே. ஆனால் தூய்மை என்பது விளைவு. அது வந்ததா இல்லையா என்று வீட்டில் மாட்டிப் பார்த்த பிறகுதான் தெரியும். அதைப் பெயரிலேயே வைத்துவிட்டால் கடைக்காரரின் பேச்சுக்கு நாம் முத்திரை குத்திக் கொடுத்தது போல ஆகும். ‘இணையம்’ என்ற சொல்லைத் தந்தவர் பக்கத்துச் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி. இணைந்திருப்பது என்ற அளவோடு அந்தச் சொல் நின்றது. அதனால்தான் நல்லதுக்கும் கெட்டதுக்கும் இன்று பொருந்துகிறது.

முதல் நாளே கிள்ளான் தங்கை ‘இடைச்செருகி’ என்று ஒரு சொல் போட்டிருந்தார். அதற்கு வந்த பதில்:

> இடைச்செருகல் என்றாலே பழைய ஏட்டில் யாரோ பின்னால் சேர்த்த பாட்டுத்தான் நினைவுக்கு வருகிறது. கெட்ட பெயர் அல்லவா?

எல்லோரும் சிரித்துவிட்டுக் கடந்துவிட்டோம், நானும்தான். இப்போது யோசித்தால் அந்த வாசனைதான் இந்தச் சொல்லின் பலம். மூலத்தில் இல்லாதது, யாரோ நடுவில் நுழைத்தது, வேண்டுமா வேண்டாமா என்று பார்த்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஏடு பார்க்கிறவர் பாட்டை எடுத்துவிட்டுப் படித்துப் பார்ப்பார், நாம் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கேட்டுப் பார்க்கிறோம். ‘செருகி என்றால் செருகுபவன் ஆகாதா’ என்ற இலக்கண ஐயத்துக்கு ‘மின்செருகி’ (பிளக்) பதில் சொல்லும். செருகப்படுவதைத்தானே அப்படிச் சொல்கிறோம்? ‘துணைக்கருவி’ ரொம்பப் பொது, சுட்டியும் துணைக்கருவிதான்.

இடைச்செருகி என்பது குடும்பப் பெயர். உள்ளே இருப்பவற்றுக்குத் தனித்தனியாகப் பெயர் வேண்டும். என் முனகலைக் கடைசியில் நிறுத்தியது அதில் ஒரு வகை. தரவு மட்டும் கடக்கும், இரண்டு பக்கத்துக்கும் நடுவே செம்புத் தொடர்பு இருக்காது. ‘மின்காப்பி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது மின்சாரம் பாயாத பொருளுக்கு உரிய சொல், போதாததற்குக் குடிக்கிற காப்பியும் மணக்கிறது. ‘மின்பிரிப்பி’ (ஐசொலேட்டர்) சரியாக இருக்கும். வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மலிவான மின்பிரிப்பிகள் பலவும் நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடும். பாட்டுப் பதிவின் தரம் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை என்றால் அது போதும், 192 கிலோஹெர்ட்ஸுக்கு இடம் போதாது. என் டேக்கும் 192 பாட்டைப் போட்டதும் அடம் பிடித்தது. டேக்கிலும் கணினியிலும் ஒளிக்கம்பித் துளை இருந்தால் இந்தச் செலவே வேண்டாம், ஒளியில் தரைச்சுற்று ஓடாது. எர்த் முள்ளில் டேப் ஒட்டி முனகலை நிறுத்தியதாக எழுதிய அண்ணனுக்கு: தயவுசெய்து இன்றைக்கே அதைப் பிய்த்துவிடுங்கள். அது உயிர் காக்கிற கம்பி.

குழுவில் வந்த இன்னொரு பெயரான ‘நேரந்திருத்தி’ வேண்டாம். இன்றைய டேக்குகள் பலவும் தன் கடிகாரத்தை வைத்தே கணினியிடம் தரவு கேட்டு வாங்குகின்றன. வழியில் நின்று நேரத்தைத் திருத்துவதாகச் சொல்லும் பெட்டிக்கு அங்கே வேலை குறைவு. அதுவும் வெறும் இடைச்செருகியாகவே இருக்கட்டும்.

மிச்சம் இருப்பது கம்பியின் முனையருகே கருப்பாக உருண்டு நிற்குமே, அது. ஜாலான் பசார் கடைகளில் கவ்வி மூடுகிற மாதிரி தனியாகவும் கிடைக்கும், சில வெள்ளிதான். உள்ளே ஃபெரைட், இரும்பு ஆக்சைடு கலந்த சுட்ட மண் மாதிரி ஒரு பொருள். கம்பி வழியாக ஓடும் உயர் அதிர்வெண் இரைச்சலைத் தடுத்து வெப்பமாக்கிவிடும். கம்பியை அதற்குள் இரண்டு சுற்று சுற்றினால் தடுப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆனால் 50 ஹெர்ட்ஸ் முனகலை அது தொடாது. இது நடுவில் செருகுவது இல்லை, மேலே பூட்டுவது. அதனால் இடைச்செருகிக் குடும்பத்தில் சேராது. பாட்டி வீட்டில் உலக்கை முனையில் ஓர் இரும்பு வளையம் இருக்கும், பூண் என்போம். இதை ‘வடப்பூண்’ என்று சொன்னால் என்ன?

‘குறிகை’ பற்றி நான் வாய் திறக்கவில்லை. பாடநூல்களில் சைகையும் உண்டு, குறிகையும் உண்டு. இங்கே சைகை என்றால் கையைத்தான் ஆட்டுவார்கள், அதனால் குறிகையே இருக்கட்டும்.

பாயான் லெப்பாஸில் வேலை பார்க்கிறவர்கள் இந்தக் குழுவில் நான்கைந்து பேராவது இருப்பீர்கள். ஃபெரைட்டுக்கு உங்கள் பிரிவில் தமிழில் ஏதாவது சொல்லிப் பழகியிருக்கிறீர்களா? இருந்தால் அதைப் போடுங்கள், வடப்பூணை நானே எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
செந்தூலிலிருந்து