தப்பான தீர்ப்புக்கும் கீழ்ப்படியணுமா? கோர்ட்டில் பார்த்ததைப் பகிருங்கள்

கோர்ட்_குமாஸ்தா:
எதிராளி எக்ஸ்பார்ட்டியாக, அதாவது ஒருதலையாக, நாம் கட்டுவதற்குத் தடை வாங்கிவிட்டார், கோர்ட் நம் தரப்பைக் கேட்கவே இல்லை. இந்த ஆத்திரத்தில் பலர் ராத்திரியோடு ராத்திரியாகச் சுவரை எழுப்பிவிடுகிறார்கள். ‘ஆர்டரே தப்பு, அதை எதுக்கு மதிக்கணும்’ என்ற வாதம் எடுபடாது. தடை போட்ட கோர்ட்டுக்கு அதிகார வரம்பே இல்லை என்று பின்னால் முடிவானாலும், அமலில் இருந்தபோது மீறியதற்குத் தண்டனை உண்டு என்று 1997-இல் பகசர்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 39 விதி 2அ-வின்படி சொத்து ஜப்தியாகலாம், 3 மாதம் வரை சிவில் சிறையும் உண்டு.

ஆர்டர் கைக்கு வந்த அன்றே வேலையை நிறுத்திக் கொத்தனாரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கட்டடம் லிண்டல் மட்டத்தில் (கதவு, ஜன்னலின் மேல்விட்டம் வரை) நின்றால், அது தெரியும்படி நாலு பக்கமும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். ‘தடைக்குப் பிறகு கட்டினார்’ என்று மனு வந்தால் கைகொடுப்பது அதுதான். பிறகு அதே கட்டளை 39-இன் விதி 4-இல் தடையை நீக்க மனு. எக்ஸ்பார்ட்டி தடை மனுவை 30 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது விதி 3அ. நடைமுறையில் இழுக்கும், விடாமல் நினைவூட்ட வேண்டும்.

அப்பீல்_பார்ட்டி:
இறுதித் தீர்ப்பிலும் ஒரு பெரிய தவறு நடக்கிறது. அப்பீல் போட்டுவிட்டாலே ஸ்டே (தீர்ப்பை நிறுத்தி வைக்கும் உத்தரவு) கிடைத்ததாக நினைத்துவிடுகிறார்கள். அதே சிவில் சட்டத்தின் கட்டளை 41 விதி 5 அதை நேராகவே மறுக்கிறது. தனியாக ஸ்டே மனு போட்டு, தாமதமில்லாமல் வந்திருக்கிறோம், ஸ்டே இல்லாவிட்டால் பெரும் இழப்பு என்று காட்டி, தீர்ப்பை நிறைவேற்றுவதற்கு ஈடாக ஜாமீனும் கொடுக்க வேண்டும். தீர்ப்பை நிறைவேற்ற வரும் கோர்ட் ஊழியரான அமீனா வாசலுக்கு வந்தபின் வக்கீலைத் தேடுவது வீண். அப்பீல் போடக் கெடு: முன்சீப் கோர்ட்டிலிருந்து சார்பு நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு என்றால் 90 நாள். தீர்ப்பின் நகல் கேட்கும் காப்பி அப்ளிகேஷனைத் தாமதிக்காமல் போடுங்கள். நகல் தயாராக ஆகும் நாள் கெடுவில் கழியும், நீங்கள் சும்மா இருந்த நாள் கழியாது. அப்பீல் கெடு முடியுமுன் கேட்டால், தீர்ப்பு சொன்ன கோர்ட்டே தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கிரிமினல்_சைடு:
தண்டனை தீர்ப்பன்று கோர்ட்டுக்கு வராமல் ஓடுவதுதான் இங்கே படுமோசமான யோசனை. வாரண்ட் வரும், ஜாமீன்தாரர் மாட்டுவார். தண்டனை 3 ஆண்டுக்குள், ஏற்கெனவே ஜாமீனில் இருப்பவர் என்றால், அப்பீல் போட அவகாசம் கேட்டு அதே கோர்ட்டில் ஜாமீன் பெற பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 430 வழி தருகிறது. ஜாமீன்தாரர்களை அன்றே கோர்ட் வளாகத்தில் நிறுத்தி வையுங்கள்.

பழைய_வாத்தியார்:
சாக்ரடீஸுக்கு இதெல்லாம் வாய்க்கவில்லை. கி.மு. 399-இல் ஏதென்ஸின் நடுவர் மன்றத் தீர்ப்புக்கு மேல்முறையீடே கிடையாது. தப்பிக்க நண்பர்கள் ஏற்பாடு செய்தும் அவர் மறுத்தார். 1922-இல் அகமதாபாத்தில் காந்தி, சட்டத்தை வெளிப்படையாக மீறியதை ஒப்புக்கொண்டு அதிகபட்ச தண்டனையே கேட்டார். கிடைத்தது 6 ஆண்டு. மனசாட்சிக்காக மீறுகிறவர் தண்டனைக்கு ஒளிவதில்லை. ராத்திரிச் சுவர் எழுப்புகிறவரை அந்த வரிசையில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை.

கோர்ட்_குமாஸ்தா:
வாத்தியார் சொன்னது சரி. ஒன்று மட்டும்: தடை மீறலுக்கு மனு வந்துவிட்டால், எழுப்பிய சுவரை இடித்துவிட்டு நிபந்தனையற்ற மன்னிப்புப் பிரமாணப் பத்திரத்தோடு போங்கள். ‘ஆனால்’ என்று தொடங்கும் மன்னிப்பை நீதிபதிகள் ஏற்பது அபூர்வம்.