முகக்கவசம் இல்லாதவருக்கு அரிசி தர மறுத்துவிட்டேன். நான் செய்தது சரியா?

கேள்வி
மளிகைக்கடைக்காரர், திருப்பூர்
2022 ஜனவரி 23, ஞாயிறு

கொரோனாவால் இன்று முழு ஊரடங்கு. கடை பூட்டியிருக்கிறது. இல்லாவிட்டால் இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுத எனக்கு வாய்க்காது. நேற்று இரவிலிருந்து ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. விவரமாகவே சொல்கிறேன், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பனியன் கம்பெனிகளுக்கு நடுவே, லைன் வீடுகள் நிறைந்த தெருவில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கடை நடத்துகிறேன். இங்கே சனிக்கிழமைதான் சம்பள நாள். ஷிப்ட் முடிந்து சம்பளக் கவரை வாங்கிக்கொண்டு நேராகக் கடைக்குத்தான் வருவார்கள். இந்த மாதம் ஞாயிறு ஊரடங்கும், இரவு 10 மணிக்கு மேல் ஊரடங்கும் சேர்ந்துகொண்டதால், இரண்டு நாள் வியாபாரம் முழுவதும் சனிக்கிழமை இரவு எட்டரை முதல் ஒன்பதே முக்கால் வரை என் கடை வாசலில் முண்டியடிக்கிறது. நெரிசலைக் குறைக்கப் போட்ட ஊரடங்கு, என் வாசலில் நெரிசலைக் கூட்டியிருக்கிறது. இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

கடை முகப்பில் "முகக்கவசம் இல்லையேல் சரக்கு இல்லை" என்று பலகை மாட்டியிருக்கிறேன். அபராதத்துக்குப் பயந்து மாட்டியது என்று சிலர் நினைக்கிறார்கள். 2020 செப்டம்பரில் 200 ரூபாயாக இருந்த அபராதம் இந்த மாதம் 500 ஆகிவிட்டது, உண்மைதான். ஆனால் என் பலகைக்குக் காரணம் வேறு.

சென்ற மே மாதம் என் அண்ணனை இழந்தேன். விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அளவு 84 என்று காட்டியது. மூன்று மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ் நின்றது. மூன்றாவது வாசலில் எங்களுக்கு முன்னால் ஏழு வண்டிகள். ஆம்புலன்ஸில் இருந்த சிலிண்டரிலேயே நான்கு மணி நேரம் ஓட்டினோம். "படுக்கை காலியானால் கூப்பிடுகிறோம்" என்று எண்ணை வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். அப்போது நாங்கள் மின்மயானத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். கூப்பிட்ட பெண்ணிடம் நான் கோபப்படவில்லை. அவர் குரலே உடைந்திருந்தது.

இனி நேற்று நடந்தது. ஒன்பதரை மணி இருக்கும். தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போகும் ஓர் அம்மணி, இடுப்பில் குழந்தையோடு வந்தார். அவ்வப்போது வருபவர், பெயர் தெரியாது. முகக்கவசம் இல்லை. பலகையைக் காட்டினேன். "காலையிலிருந்து பஞ்சுத் தூசியிலும் வியர்வையிலும் நனைந்துவிட்டது அண்ணா, மூச்சே விட முடியவில்லை. கழற்றிப் பையில் வைத்திருக்கிறேன்" என்று எடுத்தும் காட்டினார். பனியன் துணியில் தைத்த ஒற்றை அடுக்குக் கவசம், பிழிந்தால் தண்ணீர் சொட்டும் போல இருந்தது. "போட்டுக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்த்தேன். சற்று நேரம் நின்றார். பிறகு போய்விட்டார்.

அடுத்தவர் முகக்கவசத்தைத் தாடையில் மாட்டியிருந்தார். அவருக்குச் சரக்குக் கொடுத்தேன். பணம் வாங்கிக் கல்லாவில் போட்ட பிறகுதான் அது என் மனதில் பட்டது.

இன்று கடைகள் இல்லை. அந்த வீட்டில் அரிசி இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பலகையை எடுத்துவிடலாமா என்றால் அண்ணன் முகம் முன்னால் வருகிறது. ஒரு கடைக்காரன் இந்த விதியை எதுவரை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்?

பதில் 1
பவர் டேபிள் (பனியன் தையல் யூனிட்) நடத்துபவர், அவிநாசி
ஜனவரி 23

அண்ணா, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆனாலும் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த விதியின் மீது எனக்கு மரியாதை போய்விட்டது. 2021 ஏப்ரல் 6-ஆம் தேதி தேர்தல். அதற்கு முந்தைய ஒரு மாதம் லாரி லாரியாக ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். எல்லாக் கட்சியும்தான். மேடையில் இருந்தவர்களிடமும் யாரும் அபராதம் கேட்கவில்லை, கீழே இருந்தவர்களிடமும் கேட்கவில்லை. இரண்டாம் அலை பரவியதற்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு என்று சென்னை உயர் நீதிமன்றம் ஏப்ரல் 26 அன்று கடிந்துகொண்டது. அந்த வார்த்தை கடுமையானது என்று உச்ச நீதிமன்றம் பின்னர் சொன்னது. எனக்கு அது கடுமையாகத் தெரியவில்லை.

அதே மாதம் என்னிடம் வேலை செய்யும் டெய்லர் பையன் டீ குடிக்கக் கவசத்தை இறக்கிய இடத்தில் 200 ரூபாய் கட்டினான். இப்போது 500. எங்கள் பக்கம் பலருக்கு அது ஒரு நாள் கூலி. சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் ஊரடங்கு நேரம் கடந்து கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் போலீஸ் அழைத்துச் சென்ற தந்தையும் மகனும் உயிரோடு திரும்பி வரவில்லை. விதி என்று வந்தால் அது யார் கழுத்தில் போய் உட்காரும் என்பது நமக்குத் தெரியும். நீங்களும் அதைத் தெரியாமல் செய்துவிட்டீர்கள். தாடையில் மாட்டிய ஆணுக்குச் சரக்கு, குழந்தையோடு வந்த பெண்ணுக்கு இல்லை. பலகையை எடுத்துவிடுங்கள்.

பதில் 2
செவிலியர், கோவை
ஜனவரி 24, அதிகாலை

இரவுப் பணி முடிந்து வந்து எழுதுகிறேன். வேலை செய்யும் மருத்துவமனையின் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. உங்களைக் காலையில் கூப்பிட்ட பெண் நானாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதேபோன்ற அழைப்புகளை நானும் செய்திருக்கிறேன், அண்ணா. எதிர்முனையில் அழுகுரல் கேட்டதும் அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும்.

2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36184 பேருக்குத் தொற்று. அந்த மாதக் கடைசியில் தினசரி எண்ணிக்கையில் கோவை சென்னையையே முந்தியது. தொலைக்காட்சியில் எண்களைப் பார்த்தவர்களுக்கு அது எண். எங்களுக்கு அது சிலிண்டர்.

ஒரு ஜம்போ சிலிண்டரில் ஏறக்குறைய 7000 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் தேவைப்படுபவருக்கு அது பதினொன்றரை மணி நேரம் வரும். 15 லிட்டர் என்றால் எட்டு மணி நேரம்கூட இல்லை. மூக்கு வழியாக அதிவேகமாகச் செலுத்தும் கருவி நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை இழுக்கும். அந்த வேகத்தில் ஒரு ஜம்போ இரண்டு மணி நேரத்தில் காலி. குழாயில் வரும் திரவ ஆக்சிஜனின் அழுத்தம் குறைந்த இரவுகளில் நாங்கள் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு படுக்கை படுக்கையாக ஓடினோம். கவச உடைக்குள் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்க முடியாது, கழிவறைக்குப் போக முடியாது. ஒரு வார்டில் முப்பத்தி நான்கு பேருக்கு நானும் இன்னொரு பெண்ணும். ஒரு படுக்கையில் சிலிண்டரை மாற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொரு படுக்கையின் மானிட்டர் கத்தும். எதற்கு முதலில் ஓடுவது என்று கால் தானாக முடிவு செய்யும். அந்த முடிவுகளில் சில இன்றும் என்னைத் தூங்க விடுவதில்லை.

பவர் டேபிள் அண்ணாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முப்பத்தி நான்கு பேரும் பத்து நாள் இடைவெளியில் வந்திருந்தால் பெரும்பாலானவர்களை வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்று நான் நம்புகிறேன். அவர்கள் இரண்டே இரவுகளில் வந்தார்கள். முகக்கவசத்திடம் நான் எதிர்பார்ப்பது அந்த இடைவெளியை மட்டும்தான். அது நோயை ஒழிக்கும் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. கூட்டங்களுக்கு அனுமதி கொடுத்தவர்கள் மீது உங்களுக்கு இருக்கும் கோபம் எனக்கும் இருக்கிறது. அந்தக் கோபத்தில் நாமும் கவசத்தைக் கழற்றினால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது, எங்கள் வார்டுதான் நிரம்பும்.

இந்த முறை ஓமைக்ரான். மூச்சுத்திணறலோடு வருபவர்கள் குறைவு, தடுப்பூசி போட்டவர்கள் பலர் வீட்டிலேயே தேறுகிறார்கள். உண்மை. ஆனால் எங்கள் பிரிவில் இந்த வாரம் ஒன்பது செவிலியர்கள் தொற்றோடு வீட்டில் இருக்கிறார்கள். படுக்கை இருந்தும் பார்க்க ஆள் இல்லை.

இனி உங்கள் கேள்வி. அரிசி மறுத்தது தவறு, அண்ணா. நீங்கள் நொந்துபோயிருக்கிறீர்கள் என்று தெரிந்தும் சொல்கிறேன். அவரைக் கூட்டத்திலிருந்து ஒதுக்கி வாசலுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் நிற்க வைத்து, பையை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். அவர் காட்டிய கவசத்தை அப்படியே திரும்பப் போட்டிருந்தாலும் பயன் மிகக் குறைவு. நனைந்த கவசத்தை வார்டில் நாங்கள் உடனே மாற்றுவோம். பனியன் துணி இழுத்தால் விரியும், அதன் துளையும் விரியும். துணிக் கவசம் என்றால் மூன்று அடுக்கு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூனிலேயே சொல்லிவிட்டது. கல்லாவுக்குப் பக்கத்தில் மூன்றடுக்கு மருத்துவக் கவசப் பெட்டி ஒன்றை வையுங்கள். 2020 மார்ச்சில் தட்டுப்பாடு வந்தபோது ஒன்றுக்கு 10 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு உச்சவிலை வைக்க வேண்டியிருந்தது. இன்று மொத்தமாக வாங்கினால் அதில் பாதி விலைகூட இல்லை.

பதில் 1-இலிருந்து மீண்டும்
ஜனவரி 24

சகோதரி, உங்களோடு எனக்கு வாதம் இல்லை. நான் கவசம் அணிகிறேன், என் யூனிட்டில் எல்லோரும் அணிகிறார்கள். அபராத ரசீதுப் புத்தகத்தைத்தான் எதிர்க்கிறேன். அதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பதில் 3
பொது சுகாதாரம் படிக்கும் மாணவி, வேலூர்
ஜனவரி 24

உங்கள் இருவரின் வாதத்துக்கும் நடுவில் வங்கதேசத்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. சென்ற மாதம்தான் ஆய்விதழில் முழுதாக வெளிவந்தது. 600 கிராமங்கள், ஏறக்குறைய மூன்றரை லட்சம் பெரியவர்கள். பாதிக் கிராமங்களில் வீடு வீடாக இலவசக் கவசம் கொடுத்தார்கள், ஊர்ப் பெரியவர்களும் இமாம்களும் தாமே அணிந்து காட்டினார்கள், சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆட்கள் நின்று, போடாதவர்களிடம் நேரில் நினைவூட்டினார்கள். அபராதம் கிடையாது. சரியாக அணிந்தவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமானார்கள். குறுஞ்செய்தி அனுப்பியதிலும், ஊருக்குப் பரிசு தருவதாகச் சொன்னதிலும் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. ஆள் நின்று கேட்டதுதான் வேலை செய்தது.

அறிகுறியோடு கூடிய, ரத்தப் பரிசோதனையில் உறுதியான தொற்று மொத்தத்தில் 9 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. மருத்துவக் கவசம் கொடுத்த ஊர்களில் 60 வயதைக் கடந்தவர்களிடம் ஏறக்குறைய 35 சதவீதம் குறைந்தது. துணிக் கவசத்தின் பலன் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. பாதிப் பேருக்கு மேல் அப்போதும் அணியவில்லை என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்களைப் பாருங்கள். தொற்று வந்தால் உயிருக்கு அதிக ஆபத்து அந்த 60 வயதைக் கடந்தவர்களுக்குத்தான்.

ஐயா, உங்கள் தெருவில் ஒடிசா, பீகார் தொழிலாளர்களும் இருப்பார்கள். பலகையை அவர்கள் படிக்க முடியுமா?

கேள்வி கேட்டவர்
ஜனவரி 30, ஞாயிறு

எல்லோருக்கும் பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது. இந்த ஞாயிறு ஊரடங்கு இல்லை, கடை திறந்திருக்கிறது. மதிய வேளையில் கூட்டம் குறைந்தபோது எழுதுகிறேன்.

செவிலியர் அம்மா எழுதியதை என் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். எட்டு மாதமாக அவர், "வேறு வாசலுக்குப் போயிருந்தால்..." என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். சிலிண்டர் கணக்கை இரண்டு முறை படிக்கச் சொன்னார். நாங்கள் ஆம்புலன்ஸில் நின்ற நான்கு மணி நேரம் எதில் ஓடியது என்று அவருக்கு அன்றுதான் புரிந்தது. பிறகு ஒன்றும் பேசவில்லை.

பலகையைக் கழற்றிவிட்டேன். இரண்டு பெட்டி மருத்துவக் கவசம் வாங்கி, கயிறு கட்டி வாசலில் தொங்கவிட்டேன். மேல் வீட்டில் குடியிருக்கும் ஒடிசாக்காரத் தம்பி ஒரு அட்டையில் ஒடியாவிலும் இந்தியிலும் எழுதிக் கொடுத்தான். வெளியே ஒரு மேசை போட்டு, கவசம் இல்லாதவர்களுக்குச் சரக்கை அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். நேற்று சனிக்கிழமைக் கூட்டத்தில் என் மகன் மேசை அருகே நின்று ஒவ்வொருவராகக் கேட்டான். முதல் பெட்டி ஒன்பது மணிக்குள் தீர்ந்தது. நான்கைந்து பேர் மறுத்தார்கள். ஒருவர், "என் மூக்கு, என் விருப்பம்" என்று சத்தம் போட்டார். அவருக்கும் எண்ணெய் கட்டி மேசைக்கு அனுப்பினேன். தாடையில் மாட்டியவர்களிடம் இப்போது நானே, "மேலே ஏற்றுங்கள்" என்று சொல்கிறேன். சொல்லப் பழக வேண்டியிருக்கிறது. இருபத்திரண்டு ஆண்டு வாடிக்கையாளரிடம் அதைச் சொல்ல நா எழுவதில்லை.

அந்த அம்மணி கடைக்கு வரவில்லை. நேற்று இரவு எதிர்ப்பக்கமாகக் குழந்தையோடு போனார். முகக்கவசம் அணிந்திருந்தார். கையில் வேறு கடையின் பை. "அம்மணி" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை, கேட்காமலும் இருந்திருக்கலாம். அவரோடு செக்கிங் செய்யும் இன்னொரு பெண்ணிடம் விசாரித்தேன். மூன்றாவது லைனில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீடாம். காலை எட்டரைக்கு ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார்களாம். நாளை எட்டு மணிக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.