சிக்கரி கலந்தால் காபி இல்லையா?

காவிரிக்கரை:
"சிக்கரி வேர்த்தூள் கலந்த காபி குடிப்பவர்களுக்கு ருசி தெரியாது, உலகத்தில் வேறெங்கும் இந்தக் கலப்படம் கிடையாது" என்று பீபெரி நேற்று எழுதியிருக்கிறார். எரிச்சல் அடங்கவில்லை. நியூ ஆர்லியன்ஸில் 1862 முதல் இருக்கும் கஃபே டு மாண்டில் இன்றும் சிக்கரி காபிதான். பிரிட்டிஷ் சரக்கை நெப்போலியன் 1806இல் தடுத்த பிறகு, கொட்டை கிடைக்காத பிரான்சிலும் சிக்கரி பரவியது. இவர்களுக்கெல்லாம் ருசி தெரியாதா?

பீபெரி:
நீங்களே சொல்லிவிட்டீர்கள், கொட்டை இல்லாததால் கலந்தார்கள். சிக்மகளூர், குடகு, ஏற்காடு எல்லாம் பக்கத்தில் இருக்க, நாம் ஏன் வேரை வறுத்துக் குடிக்க வேண்டும்? எத்தியோப்பியாவில் விருந்தாளி கண்முன்னே கொட்டையை வறுத்து, ஜெபெனா என்ற மண் கூஜாவில் காய்ச்சி, மூன்று சுற்று ஊற்றுகிறார்கள். அங்கே போய் சிக்கரி கேளுங்கள்.

காவிரிக்கரை:
அது கறுப்புக் காபி. நம்முடையது பால் காபி. சிக்கரி சேர்ந்தால்தான் டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்கும், அவ்வளவு பாலிலும் நிறமும் கசப்பும் நிற்கும். கலப்படம் என்றால் மறைத்துக் கலப்பது. இங்கே பொட்டலத்திலேயே சதவீதம் அச்சிடுகிறார்கள். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

பீபெரி:
51 என்றால் மீதி 49ம் வேர்! இதில் பெருமை வேறு.

மதுரைக்காரன்:
80 பங்கு காபிக்கு 20 பங்கு சிக்கரி, அதாவது 80:20 வரை சரி. சிக்கரி அதற்கு மேல் போனால் கஷாயம். அப்புறம், நெடுஞ்சாலை முழுக்கப் பித்தளை டபராவை அடுக்கி 'கும்பகோணம் டிகிரி காபி' என்று விற்கிறார்களே, அதை யாரும் கேட்க மாட்டீர்களா?

காவிரிக்கரை:
கும்பகோணத்தை இழுக்காதீர்கள். மதுரைக்காரர்கள் ஜிகர்தண்டாவைப் பற்றிப் பேசுங்கள், காபியை எங்களிடம் விடுங்கள். தண்ணீர் கலக்காத பசும்பால், முதல் டிகாக்‌ஷன், 80:20 தூள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இதுதான்.

மதுரைக்காரன்:
ஊரை ஏன் இழுக்கிறீர்கள்? நான் 80:20க்கு உங்கள் பக்கம்தானே பேசினேன்!

பீபெரி:
இன்ஸ்டன்ட் காபி விவாதத்திலும் காவிரிக்கரை இப்படித்தான் பேச்சை மாற்றினார். சிக்கரியில் கஃபைன் கிடையாது. அது காபிச் செடியே இல்லை. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

காவிரிக்கரை:
பாலும் சர்க்கரையும் காபிச் செடியிலா காய்க்கின்றன? வியட்நாமில் ரொபஸ்டா வகைக் காபியோடு கண்டென்ஸ்டு மில்க் கலக்கிறார்கள். அவர்களையும் போய்த் திட்டுங்களேன். மறுபடி சொல்கிறேன், 80:20 கலப்படம் இல்லை.

பீபெரி:
5 சதவீதம் கலந்தாலும் கலப்படம்தான்.

மதுரைக்காரன்:
நெடுஞ்சாலைக் கடைகளைப் பற்றிக் கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.