விஎஸ் கோடில் ஸ்பேஸ் புள்ளிகளின் நிறத்தை மட்டும் மங்கலாக்குவது எப்படி?

இரவுப்பணி எழுதியது:

வணக்கம். நான் எழுதுவது விஎஸ் கோடு என்ற கோடு எடிட்டரில். வேலையில் பாதி நாள் யாமல் கோப்பு (அமைப்புகளை எழுதி வைப்பது), மீதி நாள் மேக்ஃபைல் (நிரலை உருவாக்கும் கட்டளைகளை எழுதி வைப்பது). முன்னதில் டேப் வந்தால் தப்பு, பின்னதில் டேப் வராவிட்டால் தப்பு. போன வாரம் எங்கள் குழுவின் பக்கத்திலிருந்து நாலு வரி நகலெடுத்து மேக்ஃபைலில் ஒட்டினேன், "மிஸ்ஸிங் செப்பரேட்டர்" என்று நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், டேப் இருக்க வேண்டிய இடத்தில் எட்டு ஸ்பேஸ் இருந்திருக்கிறது.

அன்றைக்கே, ஸ்பேஸைப் புள்ளியாகவும் டேப்பை அம்புக்குறியாகவும் காட்டும் ரெண்டர் வைட்ஸ்பேஸ் அமைப்பை "ஆல்" என்று மாற்றினேன். இப்போது வேறு தொல்லை. நான் வைத்திருக்கும் டார்க் தீமில் (இருண்ட பின்னணி கொண்ட நிறத்தொகுப்பு) கமென்ட் எழுத்துக்கும் ஸ்பேஸ் புள்ளிக்கும் ஒரே சாம்பல் நிறம். திரை முழுக்க ரவையை இறைத்த மாதிரி இருக்கிறது, இரவு பத்து மணிக்கு மேல் கண் எரிகிறது. தீம் கோப்பையே திறந்து டோக்கன் கலர்ஸ் பகுதியில் என்னென்னவோ சேர்த்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு வேண்டியது இரண்டு: புள்ளிகள் மங்க வேண்டும், டேப் மட்டும் தனி நிறத்தில் தெரிய வேண்டும். முடியுமா?

கோடுவாசி எழுதியது:

டோக்கன் கலர்ஸில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. கீவேர்டு, ஸ்ட்ரிங், கமென்ட் மாதிரி மொழி இலக்கணத்தால் பிரிபடும் துண்டுகளுக்குத்தான் அந்தப் பகுதி. ஸ்பேஸ் புள்ளியை எடிட்டர் தானாக மேலே வரைகிறது, அதனால் அதன் நிறம் பக்கப்பட்டை, கர்சர் நிறங்களோடு சேர்ந்த கணக்கு. அந்த நிறத்துக்கான சாவியின், அதாவது செட்டிங்கின், பெயர் "எடிட்டர்வைட்ஸ்பேஸ்.ஃபோர்கிரவுண்ட்".

தீம் கோப்பில் கை வைக்காதீர்கள். தீமுக்கு அடுத்த அப்டேட் வந்ததும் நீங்கள் மாற்றியது அத்தனையும் போய்விடும், எனக்கே இரண்டு முறை போயிருக்கிறது. உங்கள் சொந்த செட்டிங்ஸ் ஜேசன் கோப்பில் "வொர்க்பெஞ்ச்.கலர்கஸ்டமைசேஷன்ஸ்" என்று ஒரு தொகுதி திறந்து, அதற்குள் இந்தச் சாவியைப் போட்டு #80808030 என்று கொடுங்கள். அந்த ஒரு தீமுக்கு மட்டும் வேண்டுமென்றால் தொகுதிக்குள்ளேயே தீம் பெயரைச் சதுர அடைப்புக்குறியில் எழுதி அதற்குள் வையுங்கள், பகலில் லைட் தீமுக்கு மாறினால் அது கெடாது.

எட்டு இலக்கம் ஏன் என்றால், முதல் ஆறு நிறம், கடைசி இரண்டு அந்த நிறம் எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்பது. பதினாறின் அடுக்குக் கணக்கு என்பதால் 80 போட்டால் பாதி, 40 போட்டால் கால், 30 போட்டால் ஏறக்குறைய 19 சதவீதம். விஎஸ் கோடின் சொந்த டார்க் தீமில் இந்தக் கடைசி இரண்டு 29, அதாவது 16 சதவீதம்தான். ஆறு இலக்கத்திலேயே நிறுத்தினால் புள்ளி முழு அழுத்தத்தில் வரும். உங்கள் தீமை எழுதியவர் அப்படித்தான் விட்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஜேசன் கோப்பில் அந்த எண்ணின் மேல் மவுஸை நிறுத்தினால் நிறப்பெட்டி திறக்கும், அதிலேயே இழுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இரவுப்பணி எழுதியது:

ரொம்ப நன்றி, உடனே மாறிவிட்டது! 30 கொஞ்சம் மங்கல், 40 எனக்குச் சரியாக இருக்கிறது. ஆனால் டேப் அம்புக்குறியும் சேர்ந்தே மங்கிவிட்டதே?

கோடுவாசி எழுதியது:

ஆமாம், இரண்டுக்கும் ஒரே சாவிதான், பிரிக்க வழியில்லை. மொழிவாரியாகவும் நிறம் மாற்ற முடியாது. எப்போது காட்டுவது என்பதை மட்டும் மொழிவாரியாக மாற்றலாம். ரெண்டர் வைட்ஸ்பேஸைப் பொதுவாக "பவுண்டரி" என்று வையுங்கள், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே வரும் ஒற்றை ஸ்பேஸில் புள்ளி வராது, வரியின் தொடக்கத்திலும் முடிவிலும், ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்பேஸ் சேர்ந்து நிற்கும் இடத்திலும் மட்டும் வரும், திரை பெருமளவு காலியாகிவிடும். மேக்ஃபைலுக்கு மட்டும் "ஆல்".

அப்புறம் ஒன்று. சரியான டேப்பை எதற்கு நிறம் தீட்டித் தேட வேண்டும்? மேக்ஃபைலில் உங்களை மாட்டிவிடுவது வரித் தொடக்கத்தில் நிற்கும் ஸ்பேஸ்தானே. ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவத்தைத் தேடும் சூத்திரம்) கொடுத்தால் பின்னணி நிறம் தீட்டித்தரும் எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் நிரல்கள்) இருக்கின்றன. மேக்ஃபைலில் ஸ்பேஸில் தொடங்கும் வரி, யாமலில் டேப்பில் தொடங்கும் வரி, இந்த இரண்டுக்கு மட்டும் சிவப்புக் கொடுங்கள். தப்பு நடந்தால் மட்டும் நிறம் வரும், இல்லாத நேரத்தில் திரை அமைதியாக இருக்கும். நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

விம்_பயனர் எழுதியது:

விம் என்ற இன்னொரு எடிட்டர் பக்கம் இருப்பவர்கள் யாராவது தேடி வந்தால் உதவும் என்று எழுதுகிறேன். செட் லிஸ்ட் கட்டளை போட்டு, லிஸ்ட்சார்ஸ் என்ற அமைப்பில் குறிகளைக் கொடுத்த பிறகு, டேப், ஸ்பேஸ், வரி முடிவில் மிஞ்சும் ஸ்பேஸ் எல்லாம் "ஸ்பெஷல்கீ" என்ற ஹைலைட் குழுவின் நிறத்தை எடுக்கும், வரி முடிவுக் குறி "நான்டெக்ஸ்ட்" குழு. விம்மின் கிளையான நியோவிமில் ஸ்பெஷல்கீயை மாற்றினால் பலிக்காது, அங்கே இதற்கென்றே "வைட்ஸ்பேஸ்" என்று தனிக் குழு இருக்கிறது. டெர்மினலில் 256 நிறம் என்றால் 232 முதல் 255 வரை சாம்பலிலேயே 24 படிகள், கறுப்புப் பின்னணிக்கு 238 நன்றாகப் பொருந்தும்.

நிறைய பேர் தடுமாறும் இடம்: தீமை மாற்றும் கலர்ஸ்கீம் கட்டளை ஓடும்போது முதலில் பழைய நிறங்களைத் துடைத்துவிடும், உங்கள் ஹைலைட் வரியும் அதோடு போகும். அதை கலர்ஸ்கீம் நிகழ்வுக்கான ஆட்டோகமாண்டுக்குள் (தானாக ஓடும் கட்டளை) போட்டு, விம்மின் அமைப்புக் கோப்பான விம்ஆர்சியில் கலர்ஸ்கீம் வரிக்கு மேலே வையுங்கள். எக்ஸ்டென்ஷன் வேண்டாம், வரி முடிவு ஸ்பேஸுக்கு மேட்ச் கட்டளையில் பின்னணியைச் சிவப்பாக்கிவிடலாம்.

புதியவன்22 எழுதியது:

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு இதே மாதிரி பைத்தானில் வந்தது, ஆனால் அது ஸ்பேஸும் இல்லை, டேப்பும் இல்லை. இணையப் பக்கத்திலிருந்து ஒட்டியதில் நோ-பிரேக் ஸ்பேஸ், யூனிகோடில் 160-ஆம் எழுத்து. புள்ளியும் வரவில்லை, அதைச் சுற்றி மஞ்சள் பெட்டி மட்டும் இருந்தது, நான்தான் ஏதோ அழகுக்கு என்று விட்டுவிட்டேன்.

கோடுவாசி எழுதியது:

நல்ல வேளை சொன்னீர்கள். அந்தப் பெட்டி யூனிகோட் ஹைலைட் வசதி, 2021 கடைசியில் வந்தது. அதன் நிறத்துக்குத் தனிச் சாவி, "எடிட்டர்யூனிகோட்ஹைலைட்.பார்டர்". அதை எந்தக் காரணத்துக்கும் மங்கலாக்காதீர்கள், அணைக்கவும் அணைக்காதீர்கள்.

இரவுப்பணி எழுதியது:

பவுண்டரி, கடைசியில் 40, இரண்டு சிவப்பு விதிகள், மூன்றும் போட்டாயிற்று. பழைய மேக்ஃபைல் ஒன்றைத் திறந்ததும் மூன்று வரி சிவந்தது. மூன்றும் ஓராண்டாக யாரும் ஓட்டிப் பார்க்காத ஒரு டார்கெட்டுக்குள் (மேக்ஃபைலில் பெயரிட்ட ஒரு வேலைப் பகுதி) இருந்தன, இப்போதுதான் சரிசெய்து அனுப்பினேன்.