மிட்டாய்க்குக் கை நீட்டினால் உருப்படாதா?

ஈரோட்டுக்காரி:
"நாலு வயசுல மிட்டாய்க்குப் பொறுக்காத பிள்ளை பின்னாடி உருப்படாது, ஸ்டான்ஃபோர்டுல நிரூபிச்சாச்சு"ன்னு நேத்து நெல்லைச்சீமை எழுதினதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறல. பிள்ளை முன்னாடி மிட்டாயை வெச்சு எவ்வளவு நேரம் பொறுக்குதுன்னு பார்த்த அந்தச் சோதனை நடந்தது பிங் நர்சரி பள்ளியில. 1966-ல அமெரிக்காவோட ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளயே திறந்தது. ஒரு பக்கம் மட்டும் தெரியுற கண்ணாடிக்குப் பின்னாடி உட்கார்ந்து பிள்ளைங்களுக்குத் தெரியாம கவனிக்கலாம். அங்க படிச்சது யாரு? பேராசிரியர் வீட்டுப் பிள்ளைங்க! அதை வெச்சு ஊர்ப் பிள்ளைங்களை எடை போடுறதா?

நெல்லைச்சீமை:
பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் மிட்டாய் கசக்குமோ? இப்பவே தின்னா ஒண்ணு, 15 நிமிஷம் பொறுத்தா ரெண்டு. பொறுத்தவங்க பின்னாடி அமெரிக்கக் கல்லூரியில சேர எழுதுற எஸ்.ஏ.டி. தேர்வுல கூடுதலா மார்க் வாங்கினாங்க. சோதனையை நடத்தின மிஷெல் குழுவோட 1990 கட்டுரையைப் படிச்சுட்டு வாங்க மேடம்.

ஈரோட்டுக்காரி:
படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். சோதனையில கலந்துக்கிட்ட 653 பிள்ளைங்கள்ல பின்னாடி தகவல் கிடைச்சது 185 பேரைப் பத்தி. அவங்களும் பேராசிரியர் வீட்டுப் பிள்ளைங்கதான். 2018-ல வாட்ஸ்ங்கிற ஆய்வாளரோட குழு 900 பிள்ளைங்களுக்கு மேல எடுத்து இதே மாதிரி பார்த்துச்சு. குடும்ப நிலைமையைக் கணக்குல சேர்த்ததும் அந்தத் தொடர்பு பெருமளவு கரைஞ்சு போச்சு.

நெல்லைச்சீமை:
அதுல காக்க வெச்சதே 7 நிமிஷம். அரைவேக்காடு.

கடலூர் சித்தப்பா:
ஸ்டான்ஃபோர்டுல வேலை பார்க்குற எல்லாரும் பேராசிரியராம்மா? முன்னாடி இங்க நடந்த தாய்ப்பால் விவாதத்துலயும் நீங்க இப்படித்தான் ஒரே வார்த்தையைப் பிடிச்சுத் தொங்கினீங்க.

ஈரோட்டுக்காரி:
அண்ணா, அந்தக் கோபத்தை இன்னும் சுமந்துட்டு இருக்கீங்களா? அப்பவும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லல, இப்பவும் சொல்லல. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்துல 28 பிள்ளைங்களை வெச்சு இதே மிட்டாய்ச் சோதனையைச் செஞ்சு பார்த்தாங்க. அதுக்கு முன்னாடி நல்ல கிரேயான் கொண்டுவரேன்னு சொல்லி ஏமாத்தினவங்ககிட்ட பிள்ளைங்க சராசரியா 3 நிமிஷம்தான் பொறுத்துச்சு. சொன்னபடி செஞ்சவங்ககிட்ட 12. என் பையனுக்கு அதிரசம் எடுத்து வைக்கிறேன்னு சொன்னேன். விருந்தாளி வந்து தீர்ந்து போச்சு. மறுநாள் சட்டியில இருந்து எடுக்கும்போதே கையை விட்டு விரலைச் சுட்டுக்கிட்டான். அவனா உருப்படாதவன்? வாக்குத் தவறினது நான்.

நெல்லைச்சீமை:
28 பேரை வெச்சு நீங்க பேசலாம், 185 பேரை வெச்சு நான் பேசக்கூடாது. நல்ல நியாயம்!

கடலூர் சித்தப்பா:
தாய்ப்பால் விஷயத்துல நான் சொன்னதுதான் சரி. அதை முதல்ல ஒத்துக்கோங்க.

ஈரோட்டுக்காரி:
ஒத்துக்க மாட்டேன். நெல்லைச்சீமை, பிங்ல படிச்சது யார் வீட்டுப் பிள்ளைங்க? அதைச் சொல்லுங்க.