புதுப்பிப்பு: இரத்தம் ஏற்றாமல் பெரிய அறுவை, மாத்திரையா ஊசியா?

இரத்தம் ஏற்றாமல் இடுப்பு மூட்டு மாற்றுக்குப் போகிறவர்கள் ஹீமோகுளோபினை 13-க்குக் கொண்டுவர வேண்டும் என்று முந்தைய பதிவில் எழுதியிருந்தோம். பொள்ளாச்சி, கோபி பக்கமிருந்து வந்த கேள்வி ஒன்றுதான்: இரும்புச்சத்து மாத்திரை போதாதா, ஊசி எதற்குங்க?

நாள் கணக்குதான் பதில். 6 முதல் 8 வாரம் கையில் இருந்தால் மாத்திரை போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், வெறும் வயிற்றில். விழுங்கிய கையோடு டீ கூடாது. கம்பங்கூழும் கூடாது, கம்பிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.

4 வாரம்தான் இருக்கிறது என்றால் ஊசி. எவ்வளவு இரும்பு வேண்டும் என்பதற்குக் கணக்கு: எடை × ஏற வேண்டிய ஹீமோகுளோபின் × 2.4, அதோடு உடல் சேமிப்புக்கு 500. 60 கிலோ ஆள், 9-லிருந்து 13-க்கு: 576 + 500 = 1,076 மி.கி. ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற இரும்பு ஊசி மருந்து ஒரு தடவைக்கு 1,000 மி.கி. வரைதான், சலைனில் கலந்து, குறைந்தது 15 நிமிடம். நரம்பை விட்டு ஊசி விலகினால் மருந்து தோலடியில் கசிந்து, காப்பிக் கறை மாதிரிப் பழுப்புத் திட்டு மாதக்கணக்கில் நிற்கும். நர்ஸ்கள் முதலில் வெறும் சலைன் விட்டுப் பாருங்கள். கை எரிகிறது என்றால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

முந்தைய பதிவில் விட்டது வைட்டமின் பி12. சுத்த சைவக்காரர்களுக்கும் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் அது குறைந்திருந்தால், இரும்பு மட்டும் ஏற்றி ஹீமோகுளோபின் சரியாக ஏறாது.

வார்டில் தினமும் எடுக்கும் இரத்தமும் இழப்புதான். குழந்தைகளுக்கான சின்னக் குழாயில் எடுக்கச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெலை நீங்களாக நிறுத்தவே வேண்டாம். இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு உயிருக்கே ஆபத்து.