50 பவுண்டு ரிகர்வ் வில், எல்க் வேட்டை: இரண்டலகு முனையா, மூன்றலகு முனையா?

நாண்விரல்:
ரிகர்வ் வில் (நுனிகள் முன்னோக்கி வளைந்தது) 28 அங்குல இழுப்பில் 50 பவுண்டு. கார்பன் தண்டு 29 அங்குலம், 500 ஸ்பைன் (வளைவு எண்; எண் குறைந்தால் தண்டு விறைப்பு). 125 கிரெய்ன் (சுமார் 8 கிராம்) முனையோடு அம்பின் மொத்த எடை 425 கிரெய்ன். எல்க் என்ற பெரிய மானுக்கு எந்த பிராட்ஹெட் (அலகு வைத்த வேட்டை முனை) சரிவரும்? விரியும் முனை போடலாமா?

கனத்த அம்பு:
விரியும் முனை வேண்டவே வேண்டாம். அலகு விரிவதற்கே ஆற்றலில் ஒரு பங்கு செலவாகும். 50 பவுண்டு வில்லில் விட்டுக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. அசையாத இரண்டலகு முனையாகப் பாருங்கள். அகலத்தைவிட நீளம் மூன்று மடங்குக்கு நெருக்கமாக இருந்தால் உராய்வு குறைந்து ஆழமாக இறங்கும். மறுபக்கமும் துளை விழுந்தால்தான் ரத்தத் தடம் தெளிவாகக் கிடைக்கும்.

ஒற்றைச் சாய்வு முனை (அலகின் ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டியது) வாங்கினால் இறகைப் பார்த்து வாங்குங்கள். வலச் சாய்வுக்கு வலச் சுழல் இறகு. மாறிப்போனால், பறக்கும்போது ஒரு பக்கம் சுழன்ற அம்பு உடலில் பட்டதும் நின்று எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும், ஆழம் அங்கேயே போய்விடும்.

முனையைவிட எனக்கு உறுத்துவது அந்த 425தான். 200 கிரெய்ன் முனை, 100 கிரெய்ன் பித்தளை இன்சர்ட் (முனையைத் திருகத் தண்டின் வாயில் ஒட்டும் துண்டு) போட்டால் 580ஐத் தாண்டிவிடும்.

மும்முனை:
மூன்றலகை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். விலா எலும்பு வரை தாராளமாகப் போகும், காயமும் சட்டென்று மூடாது. தீட்டுவதும் சுலபம்: இரண்டு அலகுகளைச் சேர்த்து அரத்தில் படுக்கவைத்துத் தள்ளினால் கோணம் தானாக அமையும். ஆனால் தோள் எலும்பில் பட்டால் இரண்டலகு அளவுக்கு இறங்காது. இந்த வில்லுக்கு நானும் இரண்டலகுதான் சொல்வேன்.

நாண்விரல்:
முன்பக்கம் இவ்வளவு எடை ஏறினால் 500 ஸ்பைன் தாங்குமா?

கனத்த அம்பு:
தாங்காது. முன் எடை கூடக்கூட தண்டு அதிகம் வளையும். 400 ஸ்பைன் தண்டை நீளமாகவே வாங்கி, இறகு ஒட்டாத அம்பை 15 முதல் 20 கெஜத்தில் எய்து பாருங்கள். வலக்கைக்காரருக்கு அது இறகம்புக்கு வலப்பக்கம் விழுந்தால் தண்டு தளர்வு, இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு. தளர்வு என்றால் கால் கால் அங்குலமாக நறுக்குங்கள். அதிகம் நறுக்கிவிட்டால் ஒட்டவா முடியும்?

முன்எடை விகிதத்துக்கு (அம்பின் எடை எவ்வளவு முன்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது), நாக் பள்ளத்திலிருந்து (நாண் மாட்டும் பின்முனை) சமநிலைப் புள்ளி வரை அளந்து, தண்டு நீளத்தில் பாதியைக் கழித்து, மீதியை முழு நீளத்தால் வகுங்கள். இப்போது புள்ளி 19 அங்குலத்தில் இருந்தால் 4.5 ÷ 29, ஏறக்குறைய 15.5 சதவீதம். புதிய எடையில் 20ஐத் தாண்டும்.

அரம்:
ஒற்றைச் சாய்வைத் தீட்டும்போது சாய்ந்த பக்கத்தில் மட்டும் அரம் போடுங்கள். மறுபக்கம் விளிம்பு நெடுகப் பிசிர் எழுந்து விரல்நுனியில் தட்டுப்பட வேண்டும். அதற்குமுன் நிறுத்தினால் கூர் பிடிக்காது. அப்புறம் தட்டைப் பக்கத்தை நுண்கல்லில் படுக்கவைத்து இரண்டு மூன்று இழுப்பு, கடைசியில் தோல்வார். பிசிர் போகாவிட்டால் முடியை மழிக்கும், எலும்பில் பட்டதும் மடங்கிவிடும்.

பூட்டியதும் முனையைத் தரையில் ஊன்றி அம்பைச் சுழற்றிப் பாருங்கள். முனையும் தண்டும் சேரும் இடம் துளி ஆடினாலும் அந்த அம்பை எடுத்துப் போகாதீர்கள். பெரும்பாலும் இன்சர்ட்தான் கோணலாக ஒட்டியிருக்கும்; தண்டின் வாயைச் சதுரமாகத் தேய்த்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள்.